வாளிக்குப் போட்ட இரை

ஜூன் 2

சின்னவளுக்கு,

நலம். உன் நலத்தைக் கேட்கப் போவதில்லை. அண்ணனும் தம்பியும் தினமும் போனில் குலாவுகிறார்கள். உன் வீட்டில் குழாய் ஒழுகினால்கூட எனக்குச் செய்தி வந்துவிடுகிறது. அவர்களைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்திகள் நாம் இருவரும்தான் பேச்சை நிறுத்தியிருக்கிறோம். உன் எண்ணை என் போனிலிருந்து அழித்துவிட்டேன். மனப்பாடமாகத் தெரியும் என்பது வேறு விஷயம். ஆனால் உன் குரலைக் கேட்டால் நான் கத்துவேன், அல்லது அழுவேன். இரண்டுமே வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இது சமாதானக் கடிதம் இல்லை, தகவல் கடிதம். மீன் தொட்டியில் மோலி ஒன்று இறந்துவிட்டது. கறுப்பு மோலி, வால் ஓரம் கிழிந்திருக்குமே, அதுதான். அந்தத் தொட்டியை ஒரே கூடத்தில் வைத்து இருவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டோம், அதனால் தெரிவிப்பது முறை. வீடு மாறி வரும்போது தொட்டி எங்கள் பங்கு என்று ஆனது. அதில் உயிர் போனால் கணக்கும் என் தலையில்தான்.

மற்றபடி தொட்டி இவ்வளவு அழகாக ஒருநாளும் இருந்ததில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் துடைக்கிறவள் நான். கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்கு வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் கையை நீட்டி இடித்துக்கொள்கிறார்கள்.

மூத்தவள்.


ஜூன் 6

அக்கா,

தபால்காரர் கடிதத்தைக் கொடுத்ததும் உங்கள் கையெழுத்தைப் பார்த்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிரித்தால், இறந்தது மோலி. "அப்பாடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பாவம் அது, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

கோபமாகத்தான் இருங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் இருக்கிறது. ஒரே சமையலறையில் நான்கு வருடம் நின்றுவிட்டு, நீங்கள் வீடு மாறப்போகும் செய்தியை நான் லாரிக்காரர் வாயால் கேட்டேன். "சாமான் எத்தனைன்னு சொல்லுங்கம்மா, சின்ன வண்டியா பெரிய வண்டியா?" என்றார். அதை இப்போது எழுதவில்லை. சரி, எழுதிவிட்டேன்.

மீனுக்கு வருகிறேன். சாவதற்கு முன்னால் எப்படி இருந்தது? மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியதா, அடியில் படுத்திருந்ததா? வெயில் நேராக விழும் ஜன்னலா? இரையை யார் போடுகிறார்கள்? உங்கள் வீட்டுக்காரர் பெரியவர் போட்டால் கண்டிப்பாகக் கை நிறையப் போடுவார், அவருக்குச் சாப்பாடு என்றால் எல்லாருக்கும் இரண்டு ஆள் அளவுதான். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்த பிறகுதான் ஊற்றுகிறீர்களா? அதில் கிருமி கொல்ல மருந்து கலப்பார்கள், அந்த வாடை போக வேண்டும்.

மீன்களிலேயே பெரியது, நாம் பெயர் வைத்த மேனேஜர் எப்படி இருக்கிறார்? காலையில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மேற்பார்வை பார்க்கிறாரா? அவரைப் பற்றி மட்டும் ஒரு வரி அதிகமாக எழுதுங்கள்.

சின்னவள்.


ஜூன் 11

சின்னவளுக்கு,

கேள்விக்குப் பதில். வெயில் விழுவதில்லை. இரை நான்தான் போடுகிறேன், சிட்டிகை அளவு. பெரியவருக்குத் தொட்டியைத் தொட அனுமதி இல்லை. தண்ணீரை வாளியில் வைத்துத்தான் ஊற்றுகிறேன். நீ செய்ததைப் பார்க்காமலா இருந்தேன்?

இன்னொரு மோலி போய்விட்டது. இது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது, நீ கேட்ட மாதிரியே. காற்று வேண்டும் என்று நினைத்து இன்னொரு காற்று மோட்டார் வாங்கினேன். தொட்டி கொதிக்கிற பானை மாதிரி குமிழி விடுகிறது. ஆனாலும் மேலேதான் வருகின்றன.

கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து பார்த்தேன். செவுள் ஓரம் சிவந்திருக்கிறது, தூசி விழுந்த கண்ணைக் கசக்கினால் சிவக்குமே, அப்படி. எதுவோ அவற்றை எரிக்கிறது. என்ன என்றுதான் தெரியவில்லை. தண்ணீர் பளிங்கு. முகர்ந்து பார்த்தேன், வாடை இல்லை. நாக்கில் ஒரு சொட்டு வைத்தும் பார்த்துவிட்டேன், சிரிக்காதே.

சுத்தத்தில் குறை இல்லை. ஞாயிறுதோறும் மீன்களை ஒரு பாத்திரத்தில் எடுத்துவிட்டு, தண்ணீர் முழுவதையும் கொட்டி, கண்ணாடியைத் தேய்த்து, கல்லைக் கழுவி, புது ஃபில்டரின் பஞ்சை வெந்நீரில் அலசி வைக்கிறேன். அதன் வெள்ளை இன்னும் மாறவில்லை.

மேனேஜர் மேற்பார்வையை நிறுத்திவிட்டார். மூலையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சம்பளம் வராதவர் மாதிரி நிற்கிறார்.

மூத்தவள்.


ஜூன் 15

அக்கா,

உடனே எழுதுகிறேன், ரொட்டிக் கடையில் அடுப்பு சூடாகும் நேரத்தில். மாவுக் கை பட்டிருந்தால் மன்னியுங்கள்.

ஞாயிறு கழுவுவதை நிறுத்துங்கள். காரணம் எனக்கு முழுசாகத் தெரியாது. ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், ஒவ்வொரு தடவையும் அந்த வெந்நீரில் வந்து நின்றுவிடுகிறேன். நான் பஞ்சை ஒருநாளும் வெந்நீரில் போட்டதில்லை. குழாயில்கூடக் காட்டியதில்லை. தொட்டித் தண்ணீரையே கொஞ்சம் வாளியில் எடுத்து, அதில் இரண்டு தடவை பிழிந்துவிட்டுத் திரும்ப வைப்பேன். நீங்கள் அதைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "அழுக்க அழுக்குலயே கழுவுறா பாரு!" என்பீர்கள். எனக்கும் அது சோம்பேறித்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சோம்பேறித்தனத்தில் ஒரு மீனும் சாகவில்லை. அது ஏன் என்றுதான் இப்போது மண்டையைக் குடைகிறது.

கடையில் முதல் நாள் மாவில் ஒரு உருண்டை எடுத்து வைப்போம், மறுநாள் மாவு பொங்குவதற்கு. புதிதாக வந்த ஒருத்தி அந்தக் கிண்ணத்தைச் சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள், பாவம், நல்ல பெண். அன்றைக்கு ரொட்டியெல்லாம் செங்கல். உங்கள் தொட்டியிலும் கழுவக் கூடாத ஏதோ ஒன்று இருந்திருக்குமோ?

அங்கே வளர்ப்பு மீன் விற்கிறவர் யாராவது இருந்தால் கேளுங்கள். "எனக்கே எல்லாம் தெரியும்" என்ற முகத்தை வைத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த முகம் எனக்குத் தெரியும்.

சின்னவள்.


ஜூன் 21

சின்னவளுக்கு,

அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் போனேன். கடைக்காரர் மூக்கை உடைத்து அனுப்பினார்.

தொட்டித் தண்ணீரை ஒரு சீசாவில் கொண்டுபோயிருந்தேன். அவர் சின்னக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கினார். மஞ்சளாக நின்றால் நல்லது என்றார். அது பச்சையானது. பச்சை என்றால் சும்மா பச்சை இல்லை, இலைப் பச்சை.

"என்னம்மா இது, தொட்டிய ஆஸ்பத்திரி மாதிரி வச்சிருக்கீங்களா?"

"சுத்தமா வச்சிருக்கேங்க."

"அதான் எல்லாம் நோயாளியா கெடக்கு."

பிறகு பொறுமையாகச் சொன்னார். மீன் தின்று கழிப்பதிலிருந்தும் மிச்ச இரை அழுகுவதிலிருந்தும் தண்ணீரில் அமோனியா சேருமாம். கண்ணுக்குத் தெரியாது, இந்த அளவில் வாடையும் வராது, செவுளைப் பொசுக்கும். பழைய பஞ்சில் வழவழவென்று ஒரு பழுப்புப் படலம் இருக்குமே, நான் மூக்கைச் சுளித்தது, அது முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களாம். அமோனியாவைத் தின்று தீர்ப்பதே அவற்றின் வேலை. புதுப் பஞ்சில் அவை குடியேற வாரக்கணக்கில் ஆகும். நான் ஞாயிறுதோறும் வெந்நீர் ஊற்றிக் குடியைக் கலைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். உன் ரொட்டிக் கடைப் பெண்ணும் நானும் ஒரே ரகம்.

இப்போதைக்குத் தினமும் கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்று, இரையைக் குறை, எதையும் தேய்க்காதே என்றார். செய்கிறேன். ஆனால் படலம் வளரும்வரை மேனேஜர் தாங்குவாரா என்று கேட்டதற்கு அவர் கையை விரித்தார். "ஓடிட்டிருக்கிற தொட்டியோட பழைய பஞ்சு கெடைச்சா ஒரே நாள்ல சரியாயிடும். எங்கிட்ட இப்ப நோயில்லாத தொட்டி இல்லம்மா" என்றார்.

நம் பழைய பஞ்சு நினைவிருக்கிறதா? நீ வாங்கியது. சாமான் ஏற்றிய அன்று, உன் கை பட்ட ஒன்றும் எனக்கு வேண்டாம் என்று லாரிக்காரர் முன்னாலேயே சொல்லி, பஞ்சையும் மோட்டாரையும் கறுப்புக் கற்களையும் பிடுங்கி உன் குளியலறையில் தண்ணீர் பிடித்து வைத்திருந்த வாளியில் போட்டுவிட்டு வந்தேன். மீனை நான் எடுத்துக்கொண்டேன், மீனை உயிரோடு வைத்திருந்ததை உன்னிடம் விட்டுவிட்டேன். இப்படி ஒரு பாகப்பிரிவினை உலகத்தில் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். அதற்கு ஒரு நிமிடம் முன்னால் நீ சொன்னாய், "கண்ணாடி துடைக்கத்தான் தெரியும் உங்களுக்கு, ஒரு உசுர வளக்கத் தெரியாது." பிள்ளை இல்லாதது எனக்குப் பழகிவிட்டது. ஊரார் கேட்டாலும் பழகிவிட்டது. உன் வாயிலிருந்து வந்தது பழகவில்லை. உன் வாண்டு நடக்கப் பழகிய முதல் அடி யார் கையைப் பிடித்து?

இப்போது தெரிகிறதா, நான் ஏன் பூதக்கண்ணாடியும் சீசாவுமாக அலைகிறேன் என்று? இந்தத் தொட்டி முழுக்கச் செத்தால் நீ சொன்னது சரியென்று ஆகிவிடும். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

பஞ்சை எப்போதோ குப்பையில் போட்டிருப்பாய். கேட்டு வைக்கிறேன், அவ்வளவுதான்.

மூத்தவள்.


ஜூன் 24

அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்துவிட்டேன். அழுகை வராமல் எழுதக் கற்றுக்கொண்டு எழுதுகிறேன்.

அந்த வார்த்தை வாயை விட்டு வந்ததும் எனக்கே கேட்டது. உங்கள் முகத்தையும் பார்த்தேன். அந்த நொடியே காலில் விழுந்திருக்க வேண்டும். நீங்கள் என்னிடம் சொல்லாமல் போகிறீர்கள் என்ற ஆத்திரம், எங்கே அடித்தால் வலிக்கும் என்று தேடி அங்கேயே அடித்தேன். மீனைப் பற்றித்தான் சொன்னேன் என்று சமாளிக்க மாட்டேன். என் பிள்ளைக்கு அம்மா என்ற வார்த்தைக்கு முன்னாலேயே பெரியம்மா வந்தது. தப்பு என்னுடையது, முழுசாக.

இப்போது பஞ்சு. உங்களிடம் ஒன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் போன அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கூடத்தில் தொட்டி இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது. அந்தக் குமிழிச் சத்தம் இல்லாமல் எனக்கு என்னவோ போல இருந்தது. வாளியில் கிடந்த மோட்டாரை எடுத்துச் சொருகிவிட்டேன். சத்தம் வந்தது. சரி, இன்று ஒரு நாள் ஓடட்டும் என்று நினைத்தேன். மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் கை தானாக இரை டப்பாவுக்குப் போய்விட்டது. திறந்த பிறகுதான் மீன் இல்லை என்று உறைத்தது. திறந்ததைச் சும்மா மூடுவானேன் என்று ஒரு சிட்டிகையை வாளியில் போட்டேன்.

அன்றிலிருந்து தினமும் போடுகிறேன். இன்று காலையும் போட்டேன்.

உங்கள் கொழுந்தன், "மீனில்லாத வாளிக்கு எரை போடுறவள நான் இப்பதான் பாக்குறேன்" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். குளிக்க இன்னொரு வாளி வாங்கி வந்துவிட்டார். வாண்டு தினமும் எட்டிப் பார்த்து, பெரியம்மா மீன் இன்னும் வரலையா என்கிறாள்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் வாளிக்குள் கையை விட்டேன். பஞ்சு வழவழவென்று, பழுப்பாக, மண் வாசனையோடு அப்படியே இருக்கிறது. நான் போட்ட இரை அழுகி அமோனியாவாகி, அதைத் தின்று அவை பிழைத்திருக்கின்றன போலிருக்கிறது. உறுதி செய்துகொள்ள இங்கே ஒரு வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் வாளித் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னேன். மஞ்சள், அக்கா! குலுக்கிக் குலுக்கிப் பார்த்தார், மஞ்சளேதான்.

பார்சலில் அனுப்பலாமா என்று அவரிடமே கேட்டேன். மூடிக் கட்டினால் காற்றில்லாமல் செத்துவிடும், காய்ந்தாலும் செத்துவிடும், ஈரத்தோடு யாராவது அதே நாளில் கொண்டுபோனால்தான் உண்டு என்றார். எங்கள் கடையில் ரொட்டி வெட்டும் கத்தி இருக்கிறது, பாதியாக வெட்டியும் தரலாம், இரண்டு பாதியிலும் படலம் வளரும் என்கிறார் அவர்.

யார் கொண்டு வருவது என்று நீங்களே சொல்லுங்கள்.

சின்னவள்.


ஜூன் 27

சின்னவளுக்கு,

மேனேஜர் சாய்ந்து நீந்துகிறார். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

வெட்டாதே. முழுசாகக் கொண்டு வா. அந்த எவர்சில்வர் தூக்குவாளியில், பஞ்சு மூழ்கும் அளவு வாளித் தண்ணீர் ஊற்றி, மூடியைச் சாய்த்து வை. கறுப்புக் கல்லையும் ஒரு பிடி போடு. பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்காராதே, வெயில் படும்.

நிலையத்துக்குப் பெரியவர் வருவார். நான் தண்ணீர் மாற்றிக்கொண்டிருப்பேன்.

வந்ததும் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு வராதே. முதலில் பஞ்சு.

மூத்தவள்.


ஜூலை 3

அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இரண்டு நாள் இருந்தும் நாம் மீனைத் தவிர எதுவும் பேசவில்லை என்பது பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஆனால் நான் முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டுப் பஞ்சை வைத்தபோது நீங்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்து" என்றீர்கள். "உன் கை ஈரத்துல சளி பிடிக்கும்" என்று துண்டை நீட்டினீர்கள். எனக்கு அது போதும்.

நான் புறப்பட்ட காலையில் மேனேஜர் நேராக நின்றார். சோதனைக் குழாயில் பச்சை வெளுத்துப்போயிருந்தது.

காலியாக இருக்க வேண்டிய தூக்குவாளி கனக்கிறதே என்று வழியெல்லாம் யோசித்தேன். நீங்கள் மூடிக்குப் பதில் மெல்லிய துணியால் வாயைக் கட்டி, "வீட்டுக்குப் போயி திற" என்றதால் திறக்கவில்லை. பலகாரம் என்று நினைத்துவிட்டேன். வீட்டில் திறந்தால் பாதிப் பஞ்சு. லென்ஸ் வெட்டும் கத்தியா அக்கா? அவ்வளவு நேராக வெட்டியிருக்கிறீர்கள்.

உங்களுக்கு முழுசாகத்தானே வேண்டும் என்று எழுதினீர்கள்? பிறகு ஏன் வெட்டினீர்கள்? மோட்டாரைச் சொருகிவிட்டேன், குமிழி வருகிறது. ஆனால் மீன் எதுவும் இல்லாத வீட்டில் இதை எதற்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள் என்றுதான் புரியவில்லை.

சின்னவள்.


ஜூலை 30

சின்னவளே,

பதில் எழுதத் தாமதம். வேண்டுமென்றேதான். உன் கேள்விக்குப் பதில் தொட்டியில் வளர்ந்துகொண்டிருந்தது, உருப்படுமா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

நீ வந்தபோதே ஆரஞ்சு மோலிக்கு வயிறு உப்பியிருந்ததை நான் கவனித்துவிட்டேன். வியாதியா கர்ப்பமா என்று தெரியாததால் உன்னிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது எனக்கு ஒரு வியாதி. வீடு மாறுவதையும் அப்படித்தான் விட்டேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி லாரிக்காரரே வந்துவிட்டார்.

நீ போன வாரமே குட்டி போட்டது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கண்தான் இருக்கிறது, மீதி உடம்பு பிறகு வரும் போலிருந்தது. பெற்றவளே துரத்தித் துரத்தி விழுங்கினாள். மேனேஜரும் தன் பங்குக்கு நாலைந்தை மேற்பார்வை பார்த்துவிட்டார். உன் கறுப்புக் கல் இடுக்கில் ஒளிந்தவை மட்டும் பிழைத்தன. அவற்றை ஒரு கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, தொட்டித் தண்ணீரே ஊற்றி, அந்தப் பஞ்சில் ஒரு துண்டைக் கிள்ளிப் போட்டு, இரையை விரலில் பொடித்துத் தூவி வந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து ஓடி வந்து தூவிவிட்டுப் போவேன். கிண்ணத்தின் கண்ணாடியில் பாசி ஏறிவிட்டது. கை பரபரத்தது, ஆனால் துடைக்கவில்லை. குட்டிகள் அதைக் கொறிக்கின்றன.

எல்லாம் உருப்பட்டுவிட்டன. துடுப்பு, வால் எல்லாம் வந்துவிட்டது. நான்தான் வளர்த்தேன். இதைப் பெரியவரிடம்கூடப் பெருமையாகச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், நீ கேட்க வேண்டும் என்பதற்காக.

அடுத்த சனிக்கிழமை பாதிக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். கூடத்தில் அந்த வெள்ளைச் சுவர் அருகே ஒரு தொட்டி வாங்கி வைக்கச் சொல், உன் வீட்டுக்காரரிடம். புறப்படும்போது போன் செய்கிறேன், எண் மாறவில்லையே?

அதுவரை வாளிக்கு இரை போடுவதை நிறுத்திவிடாதே. பஞ்சைப் பிழியாதே, வாளியைத் தேய்க்காதே. நான் வரும்போது உன் குளியலறை அழுக்காக இருக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

அக்கா.